தரைக்கடியில் கிடந்த தண்டவாளம்

1986ஆம் ஆண்டு, பதுளை ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த தேயிலை ஸ்டோருக்கு ஒரு மஞ்சள் வண்டி வந்து இறங்கியது. பின்புறம் பாரம் தூக்க இரண்டு இரும்புக் கரங்கள். ஓட்டுபவர் உட்கார இடமே இல்லை. கொழும்பிலிருந்து கூடவே வந்த இன்ஜினியர் இராசையா, சீமெந்துத் தரையில் நீளமாகக் கோடு வெட்டி, அதற்குள் ஒரு கம்பியைப் புதைத்து மூடினார். கம்பியில் ஓடும் மின்சாரத்தை உணர்ந்து வண்டி தானாகவே போகும், பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் என்றார்.

பெட்டி சுமக்கும் ரெங்கசாமி சிரித்துவிட்டார். "ஆளில்லாம எப்பிடிங்க ஓடும்? நம்மள ஏமாத்துறாரு."

ஸ்டோரைக் கூட்டும் மதலேனா சிரிக்கவில்லை. விளக்குமாற்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.

இராசையா பொத்தானை அழுத்தியதும் வண்டி மெல்ல முனகி நகர்ந்தது. யாரும் தொடவில்லை. நேராகப் போய் வளைவில் பதமாகத் திரும்பியது. ரெங்கசாமியின் வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது. ஆனால் மூன்றாம் கதவருகே வந்ததும் வண்டி நடுங்கி, தடுமாறி, நின்றுவிட்டது.

மூன்று நாட்கள் இராசையா அதைக் கழற்றி மாட்டினார். ஒவ்வொரு தடவையும் அதே இடம். நான்காம் நாள், "திருப்பி அனுப்பிரலாம்" என்று ஸ்டோர் பொறுப்பாளர் மர்ஸூக்கிடம் சோர்ந்துபோய்ச் சொன்னார்.

மதலேனா மர்ஸூக்கின் பக்கம் போனாள். "மர்ஸூக் நானா, ஒண்ணு சொல்லலாமா? வண்டியில கோளாறு இல்லைங்க. அந்த எடத்துக்குக் கீழ தண்டவாளம் கெடக்கு."

"என்ன தண்டவாளம்?"

"முந்தி பெட்டிய தள்ளுவண்டியில வச்சு ரயிலுக்குத் தள்ளிக்கிட்டுப் போவாங்க. எழுபத்திரண்டுல இந்தத் தரைய போடுறப்ப நாந்தான் சீமெந்து சொமந்தேன். தண்டவாளத்த கழட்டாம அப்பிடியே மூடிட்டாங்க."

இராசையா சட்டென்று எழுந்தார். "இரும்பா? கம்பிக்குப் பக்கத்திலயா? அப்ப கம்பியோட சிக்னல் கொழம்பிரும்!" தன் வரைபடத்தை விரித்துப் பார்த்தார். அதில் அப்படி எதுவும் இல்லை. "எந்த இடம், காட்டுங்கம்மா."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து, ஓரிடத்தில் கால் பெருவிரலை ஊன்றினாள். அந்த இடத்தை உடைத்தபோது ஒரு சாண் ஆழத்தில் துருவேறிய தண்டவாளம் தெரிந்தது. இராசையா அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவளுக்கு முன்னால் கைகூப்பினார். மதலேனா வெட்கப்பட்டு இரண்டடி பின்னால் போனாள்.

அதை வெட்டியெடுத்து, பள்ளத்தை மூடிக் காயவைக்க இன்னும் நான்கு நாள் போயிற்று.

"நீங்களே அமத்துங்க" என்றார் இராசையா.

மதலேனா விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். வண்டி நகர்ந்தது. மூன்றாம் கதவைத் தயங்காமல் கடந்தது. நான்கு தேயிலைப் பெட்டிகளை ஒன்றாகத் தூக்கி, ஆள் உயரத்துக்கும் மேலே கொண்டுபோய், முட்டையை வைப்பதுபோல் வைத்துவிட்டுத் திரும்பியது.

"அம்மாடி!" என்றார் ரெங்கசாமி. "எங்க நாலு பேரு முதுகு, ஒரே மூச்சுல!"

மதலேனாவுக்கு என்ன தோன்றியதோ, வண்டி வரும் பாதையில் போய் நின்றாள். மர்ஸூக் கத்தினார். இராசையா கையமர்த்தினார். வண்டி ஊர்ந்து வந்தது. அதன் முன்னாலிருந்த ரப்பர் பட்டை அவள் முழங்காலை லேசாகத் தொட்டது. உடனே நின்றது.

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். "கண்ணே இல்ல... ஆனாலும் நான் நிக்கிறது தெரிஞ்சிருச்சு பாருங்க."

தெமோதரைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அவள் தங்கை மரியகொரட்டி இதை நம்பவில்லை. சனிக்கிழமை, மர்ஸூக்கிடம் கேட்டு அவளைக் கூட்டிவந்தாள் மதலேனா. மரியகொரட்டி கதவைத் தாண்டி உள்ளே வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா... அக்கா..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். வண்டி போவதும் வருவதுமாக இருந்தது. வெளியே தெமோதரை பஸ் ஹார்ன் அடித்துவிட்டுக் கிளம்பியது. இருவர் காதிலும் அது விழவில்லை.