கந்தப்பனைக் காணாத விளக்கு

ராயபுரத்துப் பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டராக இருந்த காலத்தில், மத்தியானச் சோறு இறங்கியதும் கந்தப்பன் குடோனுக்குள் போய்த் ஒரு குட்டித் தூக்கத்துக்காகத் துணிப்பொதிகளுக்குப் பின்னால் மறைந்துவிடுவார். மோப்ப நாயை விட்டுத் தேடியிருந்தால் அதுவும் பாதி வழியில் கொட்டாவி விட்டுப் படுத்திருக்கும். சூப்பர்வைசர் சனாவுல்லா தினமும் தேடிப்போவார். முப்பது வருஷத்தில் ஒரு நாளும் ஆள் அகப்பட்டதில்லை. இருவரும் வேலையிலிருந்து ஓய்ந்த பிறகு, டீக்கடையில் கந்தப்பனின் சொத்து அந்தப் பெருமை ஒன்றுதான்.

இன்று பழைய முதலாளியின் மகன் மகுடேஸ்வரன் இருவரையும் குடோன் வாசலுக்குக் கூட்டிவந்து, கூரையிலிருந்த வெள்ளைக் குமிழைக் காட்டினார்.

"சென்சாருங்ணா. உள்ள மனுசச் சூடு நகந்தாப் போதும், லைட்டு தானா எரியும்."

"இது அன்னிக்கே இருந்திருந்தா எங் காலு தேஞ்சிருக்காது," என்றார் சனாவுல்லா. "ஏனுங் கந்தப்பண்ணா, இப்ப ஒளிஞ்சு காட்டுங்க பாக்கலாம். லைட்டு எரிஞ்சா இனி டீக்கடையில அந்தக் கதையப் பேசப்படாது."

"எரியாட்டி?"

"சாகற வரைக்கும் பேசுங்க. உக்காந்து கேக்கறேன்."

வெட்டாத பனியன் துணி குழாயாகத்தான் வரும். தடித்த குழாய் ஒன்றை எடுத்து உச்சந்தலையிலிருந்து பாதம் வரை மாட்டிக்கொண்டார் கந்தப்பன். சூடு உள்ளே, குளிர்ந்த துணி வெளியே. இருட்டுக்குள் அன்னநடை போட்டார். விளக்கு கண் திறக்கவில்லை.

"அம்மிக்கல்லாட்ட ஒரு உருவம் போகுது, அதுக்குத் தெரியலியே," என்று வாசலில் சனாவுல்லா புலம்புவது கேட்டது.

வழி காலுக்கே தெரிந்திருந்தது. அதே மூலை, அதே புதுத்துணி வாசம். தையல் மெஷின்களின் இரைச்சல் தூரத்து மழைபோல வந்தது. அந்தக் காலத்தில் அதனோடு ரேடியோப் பாட்டும், கரி இஸ்திரிப் பெட்டியின் புகையும் சேர்ந்து வரும். கந்தப்பன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பாய், செயிச்சவரக் கூட்டியாங்க," என்று சொல்லிவிட்டு மகுடேஸ்வரன் போனார்.

சனாவுல்லா உள்ளே வந்தார். பளிச்சென்று விளக்கு எரிந்தது. கந்தப்பன் மூச்சை அடக்கினார். ஆனால் யாரும் தேடவில்லை. பொதிக்கு அந்தப் பக்கம் செருப்பு கழலும் சத்தம், பிறகு, கர்ர்... கர்ர்...

பழகிய சத்தம். பக்கத்துக் கம்பெனிக் கம்ப்ரசர் என்றல்லவா முப்பது வருஷமும் நினைத்திருந்தார்!

துணியை உரித்துவிட்டு, பொதிமேல் தாடையை ஊன்றி எட்டிப் பார்த்தார். கையைத் தலைக்கு மடித்து, தொட்டில் பிள்ளைபோலத் தூங்கினார் சனாவுல்லா. இதை வெளியே சொன்னால் டீக்கடைக் கூரையே பறந்துவிடும். ஆனால் தேடியவரே தூங்கினார் என்றால், அகப்படாதவருக்கு ஏது பெருமை?

அசைவு இல்லாததால் உள்ளே ஆளே இல்லையென்று முடிவுகட்டி, விளக்கு அணைந்தது. கந்தப்பன் நகர்ந்தால் மறுபடி எரியும்; பாய் விழித்துக்கொள்வார்.

காதுமடலில் கொசு உட்கார்ந்தது. கந்தப்பன் கையைத் தூக்கவில்லை.