இலையைத் திருப்பிக் காட்டியவள்

டாக்டர் சந்தானகோபாலன் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, செடி படித்த டாக்டர். மாட்டுங்காவில் இரண்டாம் மாடியில் வீடு. காலேஜிலிருந்து ரிட்டயர் ஆன பிறகு அவருக்கு ஒரே வேலை, செத்துப்போன ஒரு வெள்ளைக்காரனைப் பற்றிப் புத்தகம் எழுதுவது. பதினாறு வருஷம் எழுதினார். அந்தப் பதினாறு வருஷமும் அவருக்கு இலை கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்.

எனக்குத் தாராவியில் வீடு, மாட்டுங்கா மார்க்கெட் நடைபாதையில் கடை. கடை என்றால் இரண்டு கூடையும் ஒரு கோணியும்தான். தூதுவளை, முடக்கத்தான், கீழாநெல்லி என்று மான்குர்த் தண்டவாளத்து ஓரம் போய்ப் பறித்து வந்து விற்பேன். எல்லோருக்கும் நான் கீரைக்காரம்மா. அவருக்கும் அப்படித்தான்.

அந்த வெள்ளைக்காரன் பேர் துவார்த்தே. போர்த்துகல் வைத்தியன். நானூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கப்பலேறி வந்து, இந்தப் பம்பாய்த் தீவில் தோட்டம் போட்டு, நம் மருந்துச் செடிகளை எல்லாம் எழுதி அச்சடித்தானாம். 'பழைய ஏட்டில் இருப்பது தப்பு, என் கண்ணால் பார்த்ததுதான் சரி' என்று ஊரில் இருந்த பெரிய வைத்தியர்களோடு சண்டை பிடித்தானாம். அவன் செத்ததும் இன்னொருத்தன் அந்தப் புத்தகத்தை லத்தீனில் சுருக்கி, இஷ்டத்துக்கு மாற்றி, தன் பேரைப் பெரிதாகப் போட்டுக்கொண்டான். இதைச் சொல்லும்போதெல்லாம் டாக்டருக்கு மூக்கு சிவந்துவிடும்.

அதைவிட அவருக்குத் தாங்காதது துவார்த்தேயின் வேலைக்காரி கதை. "ஒவ்வொரு இலையையும் பறிச்சுண்டு வந்து குடுத்தவ அவதான். இவன் என்ன எழுதறான்? 'என் வீட்டுப் பெண்' அப்படின்னு. பேரே இல்லை! எப்பேர்ப்பட்ட அநியாயம் பாருங்கோ" என்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஒருநாள் நிஜமாகவே அழுதார். நான் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

ஒருதரம் அவர் கீழாநெல்லி என்று எதையோ வரைந்து வைத்திருந்தார். "ஐயோ சார், இது அது இல்ல" என்று கையிலிருந்த கொத்தைத் திருப்பிக் காட்டினேன். காய் இலைக்கு அடியில் வரிசையாகத் தொங்க வேண்டும். அதனால்தானே அதற்கு அந்தப் பேர். அசந்துபோய்விட்டார். உடனே நோட்டை எடுத்துத் தேதி போட்டு எழுதிக்கொண்டார்.

அதே நோட்டோடு இன்னொரு நாள் கேட்டார், "அந்தப் பொண்ணுக்கு நானே ஒரு பேர் வெச்சுடலாம்னு இருக்கேன். உங்க ஜனங்கள்ல என்ன பேர் வெப்பா?"

எனக்கு விளையாட்டு. "பேராச்சின்னு வைங்க" என்றேன். அது என் பேர். அடுத்த கேள்வி 'உங்க பேர் என்ன' என்பதாகத்தானே இருக்கும், சொல்லிச் சிரிக்கலாம் என்று காத்திருந்தேன். "பேஷ்! மண்ணோட பேர்" என்று எழுதிக்கொண்டு, "நாளைக்குப் பிரண்டை கிடைக்குமா?" என்றார்.

போன மாசம் புத்தகம் வந்தது. வழவழவென்று படம் போட்ட இங்கிலீஷ் புத்தகம். "முதல் பக்கத்துலயே பேராச்சின்னு போட்டிருக்கேன்" என்று கையில் கொடுத்தார். அடடா, கடைசியில் யாரிடமோ என் பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார் போலிருக்கிறது என்று மனசு குளிர்ந்துவிட்டது. எனக்குப் புத்தி எங்கே போச்சோ!

சரியாக அந்த நேரம் நடைபாதைக் கடைகளுக்கு லைசென்ஸ் கணக்கெடுப்பு. பத்து வருஷத்துக்கு முன்னாலேயே இங்கே விற்றதற்குப் பழைய காகிதம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் இடம் போய்விடும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். பதினாறு வருஷமாக இலை கொடுத்தவள் என்று இதில் எழுதியிருக்குமே என்ற தைரியத்தில் வார்டு ஆபீஸில் வந்தனா மேடத்திடம் புத்தகத்தை நீட்டினேன். நல்ல பொம்பளை, முதல் பக்கத்தைப் பொறுமையாகப் படித்தாள்.

"மௌசி, யே தோ மர் கயி" என்றாள். சித்தி, இவள் செத்துவிட்டாளே என்கிறாள். அங்கே எழுதியிருந்ததை இந்தியில் சொன்னாள்: நானூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வைத்தியனுக்கு இலையைத் திருப்பிக் காட்டிக் கற்றுக்கொடுத்த, பேரில்லாத பெண்ணுக்கு. அவளைப் பேராச்சி என்று அழைப்போம்.

இலையைத் திருப்பிக் காட்டியவள் நானல்லவா? யாராவது கடிதம் எழுதிக் கொடுத்தால் போதுமா என்று கேட்டேன். புதுக் கடிதம் யார் வேண்டுமானாலும் எழுதலாம், பழைய காகிதம்தான் வேண்டும் என்றாள்.

நேரே இரண்டாம் மாடி.

"பேராச்சி உங்க பேரா? அப்பவே சொல்லப்படாதோ?"

"நீங்க கேக்கவே இல்லியே."

பழைய நோட்டை எடுத்தார். பதினாறு வருஷத்துத் தேதி, இடம், செடி எல்லாம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'மாட்டுங்கா மார்க்கெட் கீரைக்காரி' என்று இருந்தது.

"அதுக்குப் பக்கத்துல என் பேரை எழுதிக் குடுங்க சார். இத வச்சுத்தான் என் இடம் நிக்கணும், லைசென்ஸுக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாளு."

"அதெப்படி? பழைய குறிப்புல இப்போ கை வெச்சா ஃபோர்ஜரி. அந்த லத்தீன்காரன் பண்ணினதும் அதுதானே? வேணும்னா அடுத்த பதிப்புல நன்றி போட்டுடறேன்."

"உங்க நேர்மைய ஊறுகா போட்டு வச்சுக்கோங்க சார்! செத்தவளுக்கு வடிக்க ஒரு குடம் கண்ணீர் வச்சிருக்கீய. உசிரோட நிக்கிறவளுக்கு ஒரு வரி எழுத உங்க பேனாவுக்கு மையில்லையோ?" புத்தகத்தை மேஜையில் போட்டுவிட்டு இறங்கினேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க வார்டு ஆபீஸில் கெஞ்சிக்கொண்டு நின்றேன். ஐந்து மணிக்குப் பூட்டிவிட்டார்கள். மார்க்கெட்டுக்குத் திரும்பினால், பக்கத்துக் கடை ஹமீது சந்தோஷமாகக் கையாட்டினான்.

"அக்கா, மத்தியானம் ஒரு பெரியவர் வந்தாரு. கையில பழைய நோட்டு. 'பேராச்சியம்மா எங்க? அவங்க பேரை எழுதிட்டேன், இன்னைக்கே குடுக்கணும்'னு ஒரே பதட்டம். முனிசிபாலிடி ஆளு, நோட்டுல பேரு ஏத்திக் கடையத் தூக்க வந்திருக்கான்னு புரிஞ்சு போச்சு. அப்படி யாரும் இங்க இல்லேன்னு விரட்டிட்டேன்."

என்றும்போல் கீரைக்காரம்மா எங்கே என்று அந்த மனுஷன் கேட்டிருந்தால், ஹமீது அவரைக் கையோடு ஆபீஸுக்கே கூட்டி வந்திருப்பான். அன்றைக்கென்று பார்த்து மரியாதை முளைத்துவிட்டது.

"ஆமா, யாருக்கா அந்தப் பேராச்சி?" என்றான் ஹமீது. பதினொரு வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்து எலுமிச்சம்பழம் விற்கிறவன்.

"செத்துட்டாடே. நானூத்தம்பது வருஷமாச்சு" என்று கூடையை எடுத்தேன்.