தபால்காரர் துளசிங்கத்தின் முழங்கால்: சில திருத்தங்கள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். செல்வமேரி சொன்னது. 1993-இல் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில், வராத பஸ்ஸுக்காக இருவரும் முக்கால் மணி நேரம் நின்றபோது சொன்னாள். பஸ் சீக்கிரம் வந்திருந்தால் உங்களுக்கு இந்தத் தொந்தரவு இருந்திருக்காது.

"எழுதினா பொய் சேர்க்காம எழுதுங்க சார்" என்றாள். சேர்த்துவிட்டேன். இந்தப் பிரதியில் அவற்றையெல்லாம் அடித்திருக்கிறேன், அடித்த இடம் தெரியும்படி.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "1989 ஜூன் மாதத்து வெயில் காலையொன்றில், ராஜகீழ்ப்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய செல்வமேரிக்கு, விதி—"

(விதிக்கு இதில் வேலை இல்லை.)

இரண்டாவது: "முழங்கால் என்பது மனித உடலின் மிகவும் அலட்சியப்படுத்தப்பட்ட—"

(கட்டுரைப் போட்டி.)

மூன்றாவது: செல்வமேரி மாத்திரை எண்ணுகிறவள்.

இது நிற்கும் போலிருக்கிறது. தொடர்கிறேன்.

2

செல்வமேரி மாத்திரை எண்ணுகிறவள். கிழக்குத் தாம்பரத்தில் இருந்த ஒரு சிறிய மருத்துவமனையில் (பெயர் வேண்டாம், இப்போது அங்கே கல்யாண மண்டபம்) மூட்டுவலிக்கு ஒரு புது மாத்திரையைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது நோயாளிகள், பன்னிரண்டு வாரம். இருபது பேருக்கு மருந்து. மீதி இருபது பேருக்கு அதே நிறத்தில், அதே கசப்பில், வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. விடை ஓர் உறைக்குள் அரக்கு வைத்து மூடி, மருத்துவமனை மேலாளரின் இரும்பு அலமாரியில் இருந்தது.

சேர வந்த அன்று டாக்டர் ஐசக் இதை ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்கினார். அவர் எதையும் மறைக்கத் தெரியாத மனிதர். கேட்டு முடித்த தபால்காரர் துளசிங்கம் பக்கத்திலிருந்த செல்வமேரியிடம் குனிந்து, "இன்னா சிஸ்டரம்மா, இன்னா மாத்திரைன்னு டாக்டருக்கே தெரியலன்னு சொல்றாரு. வேற பெரிய டாக்டரு யாராச்சும் கீறாங்களா?" என்று கேட்டார்.

செல்வமேரிக்கு அப்போது முப்பத்தொன்று. வேலை தற்காலிகம். முன்னறிவிப்பு இல்லாமல் நோயாளிகள் வீட்டுக்குப் போய், பாட்டிலை வாங்கி, மீதி மாத்திரைகளைத் தட்டில் கொட்டி எண்ண வேண்டும். எண்ணிக்கை குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு. படிவத்தில் உள்ளது உள்ளபடி எழுதுவாள். படப்பையில் ஒரு பெரியவர் மாத்திரையைத் தன் நொண்டி ஆட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததைக்கூட எழுதினாள்.*

* ஆடு இப்போது நன்றாக நடக்கிறது என்று அவர் சொன்னதை மட்டும் எழுதவில்லை. படிவத்தில் ஆட்டுக்கு இடம் இல்லை.

3

இப்போது துளசிங்கம். இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: நான் நடுநிலையாளன் அல்ல. ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர் தபால் கொடுத்த மூன்று மாடிக் குடியிருப்பில், மூன்றாவது மாடியில் குடியிருந்தவன் நான்.

முட்டி வலி வந்தபிறகு துளசிங்கம் மாடி ஏறுவதை நிறுத்திவிட்டார். சைக்கிளைக் கீழே சாய்த்துவிட்டு மேலே பார்த்துக் கத்துவார். தபால் அட்டையில் எழுதியிருப்பதைப் படித்தும் விடுவார். "ரெண்டாவது மாடி சாராளம்மா! உங்க தம்பிக்குப் பொண்ணு பொறந்துகீது! மூணே கால் கிலோ!" சாராளம்மா இறங்கி வருவதற்குள் குடியிருப்பு முழுவதும் வாழ்த்துச் சொல்லிவிடும். என் விஷயத்தில், "மூணாவது மாடி சார்! கதை திரும்பி வந்துட்ச்சு!" என்பார். வாரத்துக்கு இரண்டு முறை. யாரும் வாழ்த்தவில்லை.

சோதனையில் சேர்ந்து ஐந்தாவது வாரம், துளசிங்கம் மாடி ஏறத் தொடங்கினார். கதவைத் தட்டினார். உறையை என் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கினார். அந்த மருந்தைக் கண்டுபிடித்தவருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். ஆகவே இந்தக் கதையில் துளசிங்கத்தின் முழங்கால் சம்பந்தப்பட்ட எந்த வாக்கியத்தையும் சற்றுச் சந்தேகத்தோடு படியுங்கள்.

4

துளசிங்கத்தின் அடுத்த வீடு காந்திமதி. தையல்காரி. காலால் மிதிக்கிற மெஷின்; அவளுக்கும் முழங்கால் வலி, அவளும் சோதனையில் இருந்தாள். (இரண்டாவது பிரதியில் இவளைக் குப்புராஜ் என்ற ஆணாக மாற்றிப் பார்த்தேன். ரவிக்கை தைக்கும் காட்சியில் மாட்டிக்கொண்டேன். காந்திமதியே இருக்கட்டும்.) அவள் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். அதற்குள் எழுபது ரவிக்கை தைத்தாக வேண்டும்.

ஆறாவது வாரம் செல்வமேரி திடுமென்று துளசிங்கம் வீட்டுக்குப் போனாள். காந்திமதியும் அங்கே இருந்தாள். செல்வமேரி பாட்டிலைக் கேட்டாள். துளசிங்கம் ஒரு பெரிய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வைத்தார். கால்வாசி மாத்திரை.

"இது என்னண்ணா? நாங்க குடுத்த பாட்டில் எங்கே?"

"ரெண்டுத்தையும் இதுல கொட்டிட்டோம்."

"ரெண்டுன்னா?"

"என்னுதும் காந்திமதி அம்மாவுதும். ஒர்த்தருக்கு மருந்து, ஒர்த்தருக்கு மாவுன்னு டாக்டரு சொன்னாரில்ல? பக்கத்துப் பக்கத்து வூடு. ஒர்த்தர் நல்லா ஓடிக்கினு, ஒர்த்தர் நொண்டிக்கினு இருந்தா நல்லாவா கீது? இப்போ ரெண்டு பேருக்கும் பாதி மருந்து, பாதி மாவு."

"நல்லாக் குலுக்கித்தான் வெச்சிருக்கோம், சிஸ்டர்" என்றாள் காந்திமதி, ஏதோ சுத்தத்தைப் பற்றிக் கேட்டுவிட்டதுபோல.

செல்வமேரி பாட்டிலைக் கையில் எடுத்தாள். ஒரு பக்கம் பார்த்தால் இதைவிட நியாயமான இரண்டு பேரை அவள் பார்த்ததில்லை. இன்னொரு பக்கம், ஆராய்ச்சி ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போய்விட்டது. பழக்கதோஷத்தால் தட்டில் கொட்டி எண்ணினாள். எழுபத்திரண்டு. இருவருக்கும் சேர்த்து இருக்க வேண்டியது எழுபத்திரண்டுதான். நாற்பது பேரில் வேறு யாருடைய எண்ணிக்கையும் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

5

என் முதல் பிரதியில் செல்வமேரி இதை மறைத்துவிடுகிறாள். காரணம் வலுவாகவே இருந்தது: நாற்பது முப்பத்தெட்டு ஆனால் சோதனையே செல்லாமல் போகலாம், போனால் அவள் வேலையும் போகும். கதாநாயகி இரக்கமுள்ளவளாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அந்தப் பக்கங்களை அவளிடம் காட்டினேன்.

"நான் எப்போ சார் மறைச்சேன்?" என்றாள். முகம் சிவந்துவிட்டது. "அன்னைக்குச் சாயங்காலமே எழுதிக் குடுத்தேன். வேலை போனா போகட்டும்னுதான் குடுத்தேன். பஸ்ல அழுதுகிட்டே வந்தேன். அதை எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

டாக்டர் ஐசக் படிவத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"செல்வமேரி, இது என்ன ட்ரையலா, கூட்டுறவுச் சங்கமா?"

"இனிமே தனித்தனியாச் சாப்பிடச் சொல்லிட்டேன், டாக்டர்."

"எதைப் பிரிச்சுக் குடுப்பீங்க? மாத்திரை மேல பேரா எழுதியிருக்கு?" கண்ணாடியை மறுபடி மாட்டினார். பிறகு, "புது பாட்டில் குடுங்க. நடந்ததை நடந்தபடி ரெக்கார்ட்ல வைங்க. அந்த உறையை ஓப்பன் பண்ணும்போது பார்ப்போம்" என்றார்.

6

பன்னிரண்டு வாரம் முடிந்தது. அரக்கு உடைந்தது. துளசிங்கம், பதினான்காம் எண்: மாவு. காந்திமதி, பதினைந்தாம் எண்: மாவு.

மாவையும் மாவையும் கலந்து, நன்றாகக் குலுக்கி, ஆளுக்குப் பாதி சாப்பிட்டிருக்கிறார்கள். கலந்தும் ஒரு கெடுதலும் இல்லை. டாக்டர் ஐசக் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியாமல் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். செல்வமேரியின் வேலையும் தப்பியது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. துளசிங்கத்தின் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். முதல் வாரம் வலி பத்துக்கு எட்டு. கடைசி வாரம் இரண்டு. காந்திமதிக்கு ஏழிலிருந்து ஒன்று. ரவிக்கை ஐம்பத்தைந்து முடிந்திருந்தது.

"இவங்ககிட்ட சொல்லணுமா, டாக்டர்?"

"சொல்லித்தான் ஆகணும். அவங்க உடம்பு, அவங்க விஷயம்."

எல்லோருக்கும் புரியும்படி டாக்டர் எளிய ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். நாற்பது உறைகளையும் தாம்பரம் போஸ்ட் ஆபீஸில் செல்வமேரியே போட்டாள். பெட்டியிலிருந்து கையை எடுத்த பிறகுதான் உறைத்தது: ராஜகீழ்ப்பாக்கம் கடிதங்கள் யார் கையால் போகும்?

7

இரண்டு நாள் தாங்கினாள். மூன்றாம் நாள் காலை பஸ் ஏறினாள். கடைசிப் படிவம் ஒன்றும் பாக்கி இருந்தது. அது ஒரு சாக்கு.

(இங்கே ஒரு மழை வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அன்று மழை இல்லையாம்.)

காந்திமதி மெஷினில் இருந்தாள். செல்வமேரியைப் பார்த்ததும் மிதிப்பதை நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"வந்துச்சு சிஸ்டர். என் பொண்ணு படிச்சுச் சொல்லிட்டா. வெறும் மாவாமே."

"அக்கா, உங்களை ஏமாத்தணும்னு இல்ல..."

"அத்த வுடுங்க. முன்னாடியே சொல்லித்தானே குடுத்தீங்க. அந்த அண்ணன்கிட்ட மட்டும் சொல்லாதீங்க. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அவுரே கொண்டாந்து குடுத்துட்டு, சும்மா தேங்க்ஸ் சொல்லிக்கிறாங்கன்னு சொன்னாரு. நானும் ஆமாம்ணான்னுட்டேன். பாவம், நம்பிக்கினு மாடி ஏறுறாரு. சொன்னா வுழுந்துடுவாரு."

"உங்களுக்கு வலி?"

"கேக்காதீங்க சிஸ்டர். கேட்டா நெனப்பு வந்துடும். இன்னும் பதினஞ்சு ரவிக்கை கீது." மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

துளசிங்கத்தை எங்கள் குடியிருப்பின் வாசலில் பிடித்தாள். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அவளைச் சைக்கிள் பக்கம் ஒதுக்கிக் கூட்டிப்போனார்.

"போஸ்ட் மாஸ்டர் படிச்சிக் காட்டிட்டாரு."

தபால் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"முப்பது வர்ஷ சர்வீஸ்ல ஒரு லெட்டர நான் நிறுத்தி வெச்சதில்ல, சிஸ்டரம்மா. காந்திமதி லெட்டர ஒரு நாள் பூரா பைக்குள்ளயே வெச்சிருந்தேன். அப்பால மனசு கேக்கல, குடுத்துட்டேன். தேங்க்ஸ் லெட்டர்னு சொன்னேன், நம்பிட்ச்சு. நீ எதுவும் சொல்லிடாத. கல்யாண வேல. மெஷின் நின்னா அத்தோட பொழப்பு பேஜாராப் பூடும்."

படிவத்தில் உள்ளது உள்ளபடி எழுதுகிற செல்வமேரி, ஐந்து நிமிஷத்துக்குள் இரண்டு பேருடைய ரகசியத்தை வாங்கி வைத்துக்கொண்டு நின்றாள். ஒருவருக்குச் சொன்னால் இன்னொருவரைக் காட்டிக்கொடுத்ததாகும். இருவருக்கும் சொன்னால் இருவரும் நிம்மதியாகச் சிரிக்கலாம். அல்லது இருவரும் நொண்டலாம். வாயைத் திறந்தாள். "சரிண்ணா" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

"இது மட்டும் கேட்டுக்கிறேன்" என்று படிவத்தை எடுத்தாள். "இன்னைக்கு வலி இருக்கா, இல்லையா?"

துளசிங்கம் தன் முழங்காலை, வேறொருவருடையதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நெசமாலுமே போச்சு, சிஸ்டரம்மா. மாவோ மண்ணோ, போனது பொய்யில்ல. இப்போ? நீயே பாத்து எழுதிக்க."

கடிதக் கட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

8

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் கிடைத்தன. ஒன்றில் துளசிங்கம் துள்ளி ஏறுகிறார். படிக்க இதமாக இருந்தது, அதனாலேயே நம்பவில்லை. இன்னொன்றில் இரண்டாவது திருப்பத்தில் உட்கார்ந்துவிடுகிறார்; அழுத்தமான முடிவு, பத்திரிகைகளுக்குப் பிடிக்கும்.* மூன்றாவதில் எல்லாம் கனவு. அதைக் கிழித்துப் போட்டேன்.

 * பிடிக்கவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நடந்தது என்று செல்வமேரி சொன்னது இவ்வளவுதான். முதல் மாடிவரை அவர் செருப்புச் சத்தம் சீராகக் கேட்டது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றது. கடிதம் தேட நின்றாரா, மூச்சு வாங்க நின்றாரா, முழங்காலுக்காக நின்றாரா என்று கீழேயிருந்து தெரியவில்லை. பிறகு மறுபடியும் கேட்டது. மூன்றாவது மாடிக்காரனான நான் அப்போது ஆபீஸில் இருந்தேன். என் சாட்சியும் இல்லை.

மேலேயிருந்து குரல் வந்தது. "இன்னா சிஸ்டரம்மா, எழுதிட்டியா?"

"எழுதிட்டேண்ணா" என்றாள்.

எதை என்று நான் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். பஸ் வந்துவிட்டது என்கிறாள். ஆகவே அந்த வரியை அப்படியே தருகிறேன்:

இன்று வலி: உண்டு ☐ இல்லை ☐

பேனா உங்களிடம் இருக்கும். ஒன்றே ஒன்று: எதைக் குறித்தாலும் காந்திமதிக்குத் தெரிய வேண்டாம். துளசிங்கத்துக்கும்.