வீட்டுக்கு மேலிருந்த துண்டு

ரேடியோ தொலைநோக்கியால் வானம் முழுவதையும் கேட்டுப் பதிவு செய்வதென்றால், முதலில் அதன் ஒவ்வொரு துண்டையும் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்க வேண்டும். அழைக்காத துண்டு வாயைத் திறக்காது. வாய் திறக்காத துண்டு வரைபடத்தில் ஏறாது. வரைபடத்தில் ஏறாதது அப்புறம் மேலேயும் இருக்காது. மலையடிவார ஆய்வுக்கூடத்தில் இந்த அழைப்பு வேலை அமுதவல்லியுடையது. தாம்பாளமும் கையுமாக அலைந்து தென்கோடித் துண்டுகள் வரை கூப்பிட்டுவிட்டாள். கால் வீங்கியதுதான் மிச்சம்.

ஒரு துண்டு மட்டும் பேச மறுத்தது. அது அவள் வீட்டு மொட்டை மாடிக்கு நேர் மேலே இருந்தது. நம்ம ஆள்தானே என்று அதற்குப் போனில் சொல்லியிருந்தாள். நெருங்கின சொந்தத்திடம் நாம் எல்லோரும் செய்கிற முட்டாள்தனம்தான்.

"நாளைக்குள்ள அது பேசலைன்னா, அந்த இடத்தை வெறுமனே விட்டுடுவேம்மா," என்றார் இயக்குநர் ரங்கபாஷ்யம்.

அமுதவல்லி தாம்பாளத்தை மறுபடி கையில் எடுத்தாள். அவள் கணவர் தணிகாசலம் லாரி ஓட்டி ஓய்ந்தவர். தலைக்கு மேல் ஆகாயம் இல்லாவிட்டால் அவருக்குக் கண் மூடாது. போன மழைக்கு உள்ளே படுத்ததிலேயே ஆள் பாதியாகிவிட்டார்.

தம்பதியாகப் போய் அழைத்தால்தான் மரியாதை. சாயங்காலம் அவரையும் கூட்டிக்கொண்டு மாடியேறித் தட்டை நீட்டினாள்.

"தெக்கத்தித் துண்டுக்கெல்லாம் நேர்ல போனே. எனக்கு மட்டும் போனு," என்றது வானம்.

"தப்புதான். பெரிய மனசு பண்ணி வரணும்."

"இவரு தினம் படுத்துக்கிட்டு எங்கிட்ட என்னென்னவோ சொல்றாரு. பேசினா அதையும் சேத்துத்தான் பேசுவேன்."

தணிகாசலம் தலையைச் சொறிந்தார். "பேசிக்கோ," என்றார்.

மறுநாள் காலை தொலைநோக்கி அந்தப் பக்கம் திரும்பியது. நட்சத்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே தணிகாசலத்தின் குரல் கணீரென்று வந்தது. "ஊர்ச் சரக்கையெல்லாம் ஏத்திக்கிட்டு காஷ்மீர் வரைக்கும் போனேன். அமுதாவை ஒரு தடவை பக்கத்துல உக்கார வெச்சிருக்கலாம். வர்றியான்னு கேக்கவே இல்ல."

அமுதவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷமும் அவளும் 'நானும் வரட்டுமா' என்று கேட்டதில்லை. இயக்குநர் வரைபடத்தில் அந்த இடத்தில் பிரகாசமாக ஒரு புள்ளி வைத்தார்.

அவள் வீடு திரும்பியபோது அந்தத் துண்டு வானம் கீழே இறங்கி, தெருவை அடைத்துக்கொண்டு லாரி மாதிரி உறுமியபடி நின்றது. முன்னால் உட்கார்ந்திருந்த தணிகாசலம் எட்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

"வர்றியா?"

"இருங்க."

வானம் கிளம்பிவிட்டால் மாடியில் துணி காயாது. அவள் மேலே போய்க் கொடியிலிருந்ததை எல்லாம் எடுத்து உள்ளே போட்டுவிட்டு வந்து, ஏறிக்கொண்டாள்.