டிரம்மருக்கு ஒன்றுமில்லை

எங்கள் குழு செய்த ஒரே தப்பு, சண்டை போட்டுக்கொண்டு பிரியாததுதானாம். நான் சொல்லவில்லை. விளம்பரத்துக்கென்று மாப்பிள்ளை கூட்டிக்கொண்டு வந்த பெண், என் வீட்டு கார் ஷெட்டில், என் ஸ்பீக்கர் மேலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

“பிரிஞ்ச குழு திரும்பச் சேர்ந்தா அது செய்தி சார். கடைசிக் கச்சேரின்னா செய்தி. யாராவது போய்ச் சேர்ந்துட்டா பெரிய செய்தி. நீங்க நாலு பேரும் முப்பது வருஷமா ஒத்துமையா இருக்கீங்க. புதுசா பாட்டு போட்டிருக்கோம்கறீங்க. இதை நான் யார்கிட்ட போய் என்னன்னு சொல்றது?”

“பாட்டு நல்லா இருக்குன்னு சொல்லும்மா,” என்றேன்.

அவள், பாவம் பெரியவர் என்பதுபோல ஒரு சிரிப்பு சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாப்பிள்ளை என்று நான் சொல்வது எங்கள் பாடகனை. என் தங்கையின் புருஷன். அவளைக் கட்டுவதற்கு முன்னால் என்னை வாடா போடா என்றுதான் பேசுவான். கல்யாணம் ஆன மறுநாள் “வாங்க மச்சான்” என்று ஆரம்பித்தவன் இன்றுவரை அந்த மரியாதையை விடவில்லை. கிடார் வாசிக்கிறவர் பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித் தருகிறார், அதனால் வாத்தியார். பேஸ் கிடார்காரன் வாயையே திறக்க மாட்டான், அதனால் பூட்டு. டிரம்ஸ் நான். பிழைப்புக்கு வாஷிங் மெஷின் ரிப்பேர்.

ஒரு காலத்தில் எங்களுக்கும் கூட்டம் வந்தது. மழையைப் பற்றி ஒரு பாட்டு போட்டோம், ஊரே பாடியது. அதோடு சரி. அந்தப் பாட்டு இன்னும் எங்கள் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. ரேடியோக்காரனிடம் புதுப் பாட்டைக் கொடுத்தால் அதை மேஜையில் வைத்துவிட்டு மழைப் பாட்டைப் போடுகிறான். பத்திரிகைக்காரர் பேட்டி எடுக்க வந்தார், மழைப் பாட்டு பிறந்த கதையைக் கேட்டார், காபி குடித்தார், போய்விட்டார். எங்கள் பழைய ரசிகர்களைக் கூப்பிடலாம் என்றால் ஒருத்தருக்கு முட்டி வலி, ஒருத்தருக்குப் பேரன் பிறந்திருக்கிறான். போன வருஷம் ஒரு வணிக வளாகத்தில் வாசித்தோம். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆள் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி சைகை காட்டினான். அவன் வாயில் பாதி ரொட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் அந்தப் புதுப் பாட்டுகளில் ஒன்று என்னுடையது. இத்தனை வருஷத்தில் நான் கட்டிய முதல் பாட்டு. கேட்டுவிட்டு வாத்தியாரே எழுந்து வந்து கை கொடுத்தார், அவர் லேசில் கை கொடுக்கிற ஆள் இல்லை. நிறைந்த மண்டபம் ஒன்று ஒரே ஒரு தடவை அதைக் கேட்டுவிட வேண்டும். எனக்கு வேறு ஆசையே இல்லை.

எங்கள் குழுவுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சட்டம் உண்டு. எதைச் செய்தாலும் நாலு கையும் உயர வேண்டும். மூன்று போதாது. ஒற்றுமையாக இருந்ததும் இதனால்தான், ஒன்றும் உருப்படாமல் போனதும் இதனால்தான். புதுப் படம் எடுக்கலாம் என்றால் வாத்தியார் கை உயராது, வழுக்கை தெரியும். போனில் ஆடிக் காட்டி வீடியோ போடலாம் என்றால் என் கை உயராது. நான் வாசிக்கிறவன், வித்தை காட்டுகிறவன் இல்லை. பூட்டு எதற்குக் கை தூக்குவான், எதற்குத் தூக்க மாட்டான் என்று அவனைப் பெற்றவளுக்கே தெரியாது.

அன்றைக்கு அந்தப் பெண் கடைசியாக ஒரு யோசனை சொன்னாள். “பிரிஞ்சுட்டதா அறிவிச்சுடுங்க. ஆறு மாசம் கழிச்சு சேர்ந்துக்கலாம்.”

மாப்பிள்ளை கையைத் தூக்கினான். வாத்தியார் தரையைப் பார்த்தபடி பாதி தூக்கினார். பூட்டும் தூக்கினான். நான் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன்.

“ஊர் காதுல பூ சுத்தறதுக்கா இத்தனை வருஷம் வாசிச்சோம்? போங்கய்யா.”

“சரி விடுங்க மச்சான்,” என்றான் மாப்பிள்ளை. “வேற வழி பார்க்கலாம்.”

வேறு வழி பார்த்தான். அது எனக்குத் தெரிய மூன்று வாரம் ஆனது.

முதலில் தெரிந்தது மனிதர்களின் அன்புதான். மருந்துக்கடைக்காரர் வரிசையில் நின்ற என்னை முன்னால் கூப்பிட்டார். பஸ்ஸில் ஒரு வாலிபன் எழுந்து இடம் விட்டான். யாரோ ஒரு அம்மாள் தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தப் பாட்டைக் கேட்டேன், அழுதுட்டேன்,” என்றாள். எந்தப் பாட்டு என்று கேட்டேன். “உங்க பாட்டுதான், நீங்க பண்ணினது.” எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதே வாரம் மாப்பிள்ளை வந்து, நகர மண்டபத்தை எடுத்திருக்கிறோம், டிக்கெட் பறக்கிறது என்றான். பார்த்தாயா, நல்ல பாட்டு தானாக வழி கண்டுபிடித்துவிட்டது என்று இளித்துக்கொண்டே திரிந்தேன். கண்ணாடி முன் நின்று சட்டைகூடப் போட்டுப் பார்த்தேன். என் வயசுக்கு அது தேவையா?

கச்சேரிக்கு முதல் நாள் ஒரு வீட்டில் மெஷின் பார்க்கப் போனேன். தண்ணீர் இறங்கவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். மெஷினைச் சுவரிலிருந்து நகர்த்தக் கை வைத்தேன். அந்த வீட்டு அம்மா ஓடிவந்து தடுத்தாள்.

“ஐயோ, நீங்க தூக்காதீங்க! அவர் வந்து நகர்த்துவார். நீங்க உட்காருங்க.”

“நான் தினம் நாலு மெஷின் நகர்த்தறவன்மா.”

“இந்த நிலைமையிலயும் வேலைக்கு வர்றீங்களே,” என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

“எந்த நிலைமையில?”

அவள் திருதிருவென்று விழித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துக் காட்டினாள்.

வீடியோவில் என் கார் ஷெட். நடுவில் என் டிரம்ஸ். அதன் பின்னால் காலியாக என் முக்காலி. பக்கத்தில் மாப்பிள்ளை நின்று பேசுகிறான். “எங்க டிரம்மர், என் மச்சான், என் உயிர். டாக்டருங்க என்ன சொன்னாங்கன்னு நான் சொல்ல விரும்பல. அவருக்கு இது பிடிக்காது. இந்த மேடைதான் கடைசியா இருக்கலாம். அவர் கட்டின பாட்டை அவர் காதால ஒரு தடவை கைதட்டலோட கேட்கட்டும். வாங்க.” பின்னால் வாத்தியாரும் பூட்டும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முடிவில் என் பாட்டு ஒலித்தது, கொஞ்ச நேரம்.

பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வியாதி இல்லாதவன் வியாதிக்காரன் மாதிரி ஆனது அப்போதுதான். அந்த அம்மா தண்ணீர் கொண்டுவர ஓடினாள். மெஷினைத் திறந்து, வடிகட்டியில் சிக்கியிருந்த சாக்ஸை உருவிப் போட்டுவிட்டு, நேராகத் தங்கை வீட்டுக்குப் போனேன்.

கார் ஷெட் சாவி என்னிடம் ஒன்று, அவளிடம் ஒன்று. வேறு யாரிடமும் கிடையாது.

கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. “உட்காருண்ணா,” என்றாள்.

“நான் இன்னும் எத்தனை நாள் இருப்பேன்? உன் புருஷன்கிட்ட கேட்டுச் சொல்லு.”

“அப்படியெல்லாம் பேசாதே. உனக்குச் சர்க்கரை இருக்கா இல்லையா? அதுவும் வியாதிதானே?”

“அடிப்பாவி! சர்க்கரைக்கா ஊரு அழுவுது?”

உள்ளேயிருந்து மாப்பிள்ளை துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். கொஞ்சமாவது பதறுவான் என்று எதிர்பார்த்தேன். பதறவில்லை.

“வியாதி பேரை நான் சொல்லவே இல்ல மச்சான். நீங்க நல்லாக் கேட்டுப் பாருங்க. ‘இருக்கலாம்’னுதான் சொல்லியிருக்கேன். யாருக்கு எந்த மேடை கடைசின்னு யாருக்குத் தெரியும்?”

“கை தூக்கினீங்களா?”

“தூக்கினோம்.”

“எத்தனை கை?”

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “மூணு. நாலாவது கை வராதுன்னு தெரியும். முப்பது வருஷமா வரலியே. மண்டபம் ரொம்பிடுச்சு மச்சான். ஒரு சீட்டு இல்ல. உங்க பாட்டைக் கேட்கத்தானே வர்றாங்க?”

இவன் முதுகில் குத்தினான் என்றால்கூடப் பரவாயில்லை. ஆம்பிளை, ஆசை, புகழ் வெறி. வாத்தியார் கோழை. பூட்டு பூட்டுதான். ஆனால் என் கூடப் பிறந்தவள் தன் கையால் கதவைத் திறந்துவிட்டு, என் முக்காலியைத் துடைத்து, காமிரா முன் காலியாக வைத்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. அவள் எதிரில் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“நாளைக்கு நான் வர்றேன்,” என்றேன். “மேடை ஏறி, மைக்கைப் பிடிச்சு, எனக்கு ஒரு எழவும் இல்ல, இவன் புளுகறான்னு சொல்லப் போறேன்.”

“தாராளமா சொல்லுங்க மச்சான்,” என்றான் மாப்பிள்ளை.

இவ்வளவு சுலபமாகச் சம்மதிக்கிறானே என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். கோபத்தில் புத்தி எங்கே வேலை செய்கிறது?

மறுநாள் மாலை மண்டபம் நிரம்பி வழிந்தது. பக்கவாட்டுத் திரையை விலக்கிப் பார்த்தேன். முட்டி வலிக்காரர்கள், பேரன் பிறந்தவர்கள், காதில் கம்மல் போட்ட பையன்கள், எல்லோரும் வந்திருந்தார்கள். அவமானமாக இருந்தது. கூடவே, சொல்லவே கூசுகிறது, சந்தோஷமாகவும் இருந்தது. வாத்தியார் என் பக்கமே திரும்பாமல் கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்தார். பூட்டு மட்டும் கிட்டே வந்து, “தப்புதான்,” என்றான். அந்த வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். தப்பு என்று தெரிந்தவன் கையை ஏன் தூக்கினாய் என்று கேட்டேன். பூட்டிக்கொண்டான்.

மழைப் பாட்டிலிருந்து ஆரம்பித்தோம். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் முன்வரிசை என்னைத்தான் பார்த்தது. நான் நெற்றியைத் துடைத்தால் ஒரு முனகல். தண்ணீர் குடித்தால் ஒரு முனகல். டிரம்ஸ் அடிக்கும் கட்டைகளை மாற்றி எடுத்தால் கைதட்டல். யாரும் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. அதில் மட்டும் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

என் பாட்டு வந்தது. முக்காலியை விட்டு எழுந்தேன். மண்டபமும் கூடவே எழுந்துவிட்டது. மாப்பிள்ளை மைக்கைக் கழற்றி இரண்டு கையாலும் பயபக்தியோடு நீட்டினான்.

“உட்காருங்க எல்லாரும்,” என்றேன். “எனக்கு ஒண்ணும் இல்ல. வியாதி இல்ல, வெக்கை இல்ல. நான் கல்லு மாதிரி இருக்கேன். இவங்க உங்களை ஏமாத்தியிருக்காங்க. என்னையும்தான்.”

பின்னாலிருந்து ஒரு குரல், “அதான் சார் தைரியம்!” என்று கத்தியது. அவ்வளவுதான், மண்டபம் வெடித்தது. “நீங்க ஜெயிச்சு வருவீங்க!” என்றார்கள். “உங்களுக்கு ஒண்ணும் ஆகாது!” என்றார்கள். முன்வரிசையில் ஒரு ஆள் குலுங்கிக் குலுங்கி அழுதான். “பொய்யய்யா, நிஜமாவே பொய்!” என்று நான் கத்தக் கத்தக் கைதட்டல் ஏறிக்கொண்டே போனது. தாராளமா சொல்லுங்க என்றானே, அது இதற்குத்தான் என்று அப்போது விளங்கியது.

மைக்கை அவன் கையில் திணித்துவிட்டு முக்காலிக்குத் திரும்பினேன். இனி வாசிப்பது ஒன்றுதான் பாக்கி. நன்றாக வாசித்தால், இந்த நிலைமையிலும் எப்படி வாசிக்கிறார் பார் என்பார்கள். சொதப்பினால், பாவம், முடியவில்லை என்பார்கள். என் பாட்டை யாரும் கேட்கப் போவதில்லை. இந்த மூன்று பேரும், அந்தத் தங்கையும் சேர்ந்து என் வாசிப்பையே என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டுவிட்டார்கள். கட்டையும் தோலும் மட்டும்தான் என் முன்னால் இருந்தன.

வாத்தியார் தலையை ஆட்டினார், ஆரம்பிக்கலாம் என்று. கட்டைகளைத் தட்டி எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. எண்ணிவிட்டுக் கட்டைகளை மடியில் வைத்துக்கொண்டேன். வாசிக்க மாட்டேன். என்னிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு மறுப்புதான்.

மூன்று பேரும் தாளம் இல்லாமல் கொஞ்ச தூரம் ஓடினார்கள். வாத்தியார் தடுமாறினார். பூட்டு நிறுத்தினான். மாப்பிள்ளையின் குரல் தனியாகக் கொஞ்சம் போய், அதுவும் நின்றது. இப்போதாவது புரியட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“ஐயோ, கை வரலை அவருக்கு!” என்று ஒரு பெண் அலறினாள்.

மண்டபம் முழுக்க விசும்பல் பரவியது. ஒவ்வொரு கையிலும் ஒரு போன் உயர்ந்தது. மாப்பிள்ளை மைக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். டிரம்ஸைச் சுற்றி வந்து மண்டி போட்டு, என்னைத் தோளோடு சேர்த்து இறுகக் கட்டிக்கொண்டான். அவன் கன்னம் ஈரமாக இருந்தது. திமிறினேன். விடவில்லை. வாயை என் காதோடு வைத்து மெல்லச் சொன்னான்:

“அசையாதீங்க மச்சான். இப்படியே ரெண்டு நிமிஷம் இருங்க. எல்லாரும் எடுக்கறாங்க.”