எழுத இடம் விட்ட படம்

சமையலறைத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கவிழ்த்துப்போட்ட பெரிய பாத்திரம் ஒன்றின் மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, அவள் திரையில் மாமனாரின் முகங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் கூடத்தில் அவர் கிடத்தப்பட்டிருந்தார். தலைமாட்டில் சின்ன மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்தாகிவிட்டது. அதன் மேல் வைக்க வேண்டிய படம்தான் இன்னும் வரவில்லை.

"கிடைச்சுதா?"

கணவன் நிலைப்படியைப் பிடித்தபடி நின்றான். நேற்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதிலிருந்து அவன் எதையும் பாதிதான் கேட்கிறான்.

"பாத்துட்டிருக்கேன்."

"இவ்ளோ எடுத்தியே. நாள் பூரா அவரை உக்கார வச்சு எடுத்தியே. நல்லதா ஒண்ணு குடுத்தாப் போதும். ஸ்டுடியோக்காரர் மதியம் கடையச் சாத்திடுவாராம்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

படங்களுக்கா பஞ்சம்? நெற்றியைப் பிடித்துக்கொண்டு தலைவலியில் மாமா. சுவரைப் பிடித்துக்கொண்டு முதுகுவலியில் மாமா. கைபேசியில் ஏதோ கெட்ட செய்தி படிக்கும் மாமா. மாத்திரை அட்டையைக் கையில் வைத்து யோசிக்கும் மாமா. கட்டைவிரலை உயர்த்தி, எதிலோ பரம திருப்தி அடைந்துவிட்ட மாமா.

வேலையை விட்டுவிட்டு அவள் வீட்டில் இருந்த நாட்களில் தொடங்கியது இது. படங்களை எடுத்து இணையதளங்களில் ஏற்றி வைத்தால், உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாருக்காவது தேவைப்படும்போது வாங்கிக்கொள்வார்கள் என்று தோழி ஒருத்தி சொல்லியிருந்தாள். அவள் முதலில் அனுப்பியவை பூக்கள், மழைத்துளி, அந்தி வானம். போன வேகத்தில் திரும்பி வந்தன. இந்த மாதிரி எங்களிடம் ஏராளம் இருக்கிறது என்றார்கள். மனிதர்கள் வேண்டுமாம். வயதானவர்கள் என்றால் இன்னும் நல்லதாம். ஆனால் யார் வந்து நிற்பார்கள், யார் சம்மதக் கையெழுத்துப் போடுவார்கள் என்று சாப்பாட்டு மேசையில் அவள் புலம்பினாள். ஆயுள் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு ஓய்வில் சலித்துப் போயிருந்த மாமா, தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"ஏம்மா, இந்த வீட்ல ஒரு கிழவன் தண்டமா உக்காந்திருக்கானே, அவன் கண்ணுக்குத் தெரியலையா?"

அன்றிலிருந்து அவள் அவருக்கு டைரக்டரம்மா.

"எப்பப் பாத்தாலும் என்னை நோயாளியாவே ஆக்கறியே டைரக்டரம்மா."

"நோயாளிதான் மாமா விக்குது."

"சரி விடு. இன்னிக்கு எங்க வலிக்கணும், சொல்லு."

கூடத்து ஜன்னலோரம் நாற்காலி. வாசலுக்குப் பக்கத்தில் செருப்பு அலமாரி. அவள் கேமராவைத் தூக்கினாலே அவர் நேராகப் பார்த்துவிடுவார்.

"என்னைப் பாக்காதீங்க மாமா. செருப்பு அலமாரியைப் பாருங்க. அசையக் கூடாது."

"அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அந்தப் பக்கம் எழுத இடம் விடணும். வாங்கறவங்க எதையாவது எழுதிக்குவாங்க."

"என்ன எழுதுவாங்க?"

"அது அவங்க இஷ்டம்."

மாமியார் சமையலறைக்குள் மெதுவாக வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அழுது முடித்த முகம். திரையில் மாமா பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"இது பரவாயில்லையா அத்தை?"

மாமியார் வெகுநேரம் பார்த்தாள். "இது நீ சிரிக்கச் சொல்லிச் சிரிச்சது. அவரு சிரிச்சா வாயப் பொத்திக்குவாரு. ஒத்தக் கண்ணு மூடிக்கும். அப்படி ஒண்ணுகூடவா இல்ல?"

இருந்தன. எத்தனையோ இருந்தன. வலி வந்தவராக முகத்தைச் சுளித்துக்கொண்டே இருப்பவர், பாதியில் தன்னையே தாங்க முடியாமல் வெடித்துச் சிரிப்பார். முன்பல் இல்லாத இடத்தைக் கை தானாகப் போய் மூடிக்கொள்ளும். முகம் மறைந்தால் தளத்தில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் சாயங்காலம் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து கழித்துக்கட்டுவார்கள். தீர்ப்புச் சொல்வது அவர்.

"இவன் கெடுத்துட்டான் பாரு. தூக்கு இவனை."

அவள் தூக்குவாள்.

"அடுத்தவன். இவனும் தேற மாட்டான். தூக்கு."

சட்டென்று அவளுக்கு நினைவு வந்தது. ஒருவன் தப்பித்திருந்தான். கவனிக்காமல் மற்றவற்றோடு சேர்த்துத் தளத்துக்கே அனுப்பிவிட்டாள், அவர்கள் திருப்பிவிட்டார்கள். தன்னிடம் இருந்ததை அன்றே தூக்கிவிட்டாள்; தளத்தில் இன்னும் இருக்கலாம். அவசரமாகத் தளத்தைத் திறந்து, தள்ளுபடியானவை இருந்த பக்கத்துக்குப் போனாள். பூக்கள், மழைத்துளி, அந்தி வானம் எல்லாவற்றையும் தாண்டிக் கீழே, அவளே வைத்த தலைப்பு: வாயைப் பொத்திச் சிரிக்கும் முதியவர். பக்கத்தில் காரணம்: முகம் தெளிவாகத் தெரியவில்லை. படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம். அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். காரணத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு படத்தை அழித்திருந்தார்கள்.

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

"ஒண்ணும் தெரியலையேம்மா."

"ஆமா அத்தை."

"கொஞ்சம் பெருசாக்கிப் பாரேன்."

அவள் பெரிதாக்கினாள். சாம்பல் பெரிதானது.

மாமியார் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, அவள் முழங்காலில் ஒருமுறை கையை வைத்து அழுத்தி எழுந்து போனாள்.

கடைசியில் அவள் அனுப்பியது, வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எடுத்த ஒன்று. அதில் வலியும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஓர் ஓரமாக உட்கார்ந்து, செருப்பு அலமாரியைப் பார்த்தபடி, இன்னும் என்ன செய்யச் சொல்லப்போகிறாள் என்று காத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் ஸ்டுடியோக்காரர் கூப்பிட்டார்.

"மேடம், படத்துல பக்கத்துல நிறைய இடம் இருக்கு. பேரு, பொறந்த தேதி, தவறின தேதி எல்லாம் அதுலயே போட்டுடறேன். இதுக்குன்னே எடுத்த மாதிரி இருக்கு."

கூடத்தில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"போடுங்க," என்றாள்.

சட்டம் போட்ட படம் மதியத்துக்கு முன்பே வந்துவிட்டது. வெள்ளைத் துணியின் மேல் வைத்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராக அவரைப் பார்த்தார்கள். பிறகு படத்தைப் பார்த்தார்கள். பிறகு, படத்தில் அவர் பார்க்கும் பக்கம் தாங்களும் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே செருப்பு அலமாரிதான் இருந்தது, அதைச் சுற்றிலும் கலைந்து கிடந்த செருப்புகள். அவரோடு வேலை பார்த்த வயதான மெக்கானிக் ஒருவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

அவள் எழுந்து போய்ச் செருப்புகளை ஜோடி ஜோடியாக ஒழுங்குபடுத்தினாள். முடித்த பிறகும் அங்கிருந்து போகவில்லை. அலமாரியின் மேல் ஒரு கையை வைத்து, கூடத்தில் இருந்த படத்தின் பக்கம் முகத்தைத் திருப்பி, அசையாமல் நின்றாள்.