இரண்டு மில்லிமீட்டர்

பனிவண்டியின் மூடியைத் தூக்கியதும் உள்ளே சேர்ந்திருந்த ரப்பர் தூள் சரிந்து எய்லாவின் முழங்கை வரை கறுப்பாக்கியது. ஊதினாள். தூள் பறந்து, பனியுடைக்கு வெளியே எட்டிப்பார்த்த துக்கப் பாவாடையின் விளிம்பில் போய் உட்கார்ந்தது. கறுப்பில் கறுப்பு, தெரியவில்லை. பன்னிரண்டு மணிக்குச் சவப்பெட்டி கிளம்ப வேண்டும். இப்போது எட்டரை.

வண்டி அவள் அண்ணன் ரைமோவுடையது. மூன்று வாரங்களுக்கு முன், ஏரியில் வலையிழுத்துவிட்டுத் திரும்பும்போது அதை ஓடவைக்கும் ரப்பர் பெல்ட் அறுந்தது. கையில் வைத்திருந்த இன்னொன்றைப் போட்டுக்கொண்டு மூன்று கிலோமீட்டர் வந்திருக்கிறார், அதுவும் அறுந்தது. மிச்சத் தூரத்தை நடந்துவிடலாம் என்று இறங்கியவர், பனிக்கு அடியில் ஊறிக்கிடந்த நீரில் முழங்கால் வரை புதைந்து புதைந்து நடந்து, இதயம் தாங்காமல் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே கிடைத்தார். வயது அறுபத்து மூன்று.

கல்லறைத்தோட்டம் ஏரி நடுவே தீவில் இருக்கிறது. கோடையில் படகு, குளிர்காலத்தில் பனிவண்டி. நேற்று அண்ணி மார்க்கெத்தா போன் செய்தாள்.

"அவரோட வண்டியிலதான் அவர் போகணும் எய்லா. வேற யார் வண்டியும் வேணாம். ஆனா அதுல பெல்ட் இல்ல. நீ வருவியா?"

பதினோரு வருடங்களாக எய்லா இந்தக் கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை. இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு வளைகுடா, அவ்வளவுதான். இந்தக் கரையிலிருந்து பார்த்தால் அவளுடைய பட்டறையின் தகரக் கூரை தெரியும். ஊரில் எல்லாருடைய பனிவண்டியும் அவளிடம்தான் வரும். அண்ணனுடையது மட்டும் வராது.

சண்டை பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வருடக் குளிர்காலத்தில் ரைமோவுக்கு மூன்று பெல்ட் போனது. ஊர்க் கடையில் பத்துப் பேர் நிற்கும்போது, "என் தங்கச்சி கைபட்ட வண்டி இப்படித்தான் ஓடும்" என்றார். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ. எல்லாரும் சிரித்தார்கள். ஆண்கள் வந்து போகும் தொழிலில் ஒற்றை ஆளாகப் பெயர் வாங்கியிருந்த எய்லாவுக்குக் காது எரிந்தது. "என் கையில கோளாறு இல்ல. உன் பின்கப்பி ரெண்டு மில்லி வெளிய வரணும். அதைச் செய்யலாம், நாளைக்குக் கொண்டான்னு மூணு தடவ சொல்லிட்டேன். இனிமே என் பட்டறை வாசல்ல வண்டிய நிறுத்தாத" என்று கத்திவிட்டு, வாங்க வந்த மாவைக்கூட வாங்காமல் வெளியேறினாள். அதன்பின் அவர் அங்கே வண்டியை நிறுத்தவில்லை. அவளும் கூப்பிடவில்லை. கல்யாணங்களில் எதிரெதிர் மேசைகளில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஆனால் தினமும் காலை ஆறரைக்கு அவர் கிளம்பும் சத்தம் அவளுக்குக் கேட்கும். கிளம்பும்போது ஒரு கீச்சல். முன்கப்பிக்கும் பின்கப்பிக்கும் நடுவே பெல்ட் கோணலாக ஓடுகிறது என்று போர்வைக்குள்ளிருந்தே அவளுக்குத் தெரியும். கோணலாக ஓடும் பெல்ட்டின் ஒரு ஓரம் மட்டும் தேயும், சூடேறும், ஒருநாள் அறுந்துபோகும். அரைமணி நேர வேலை. எழுந்து காபிக்குத் தண்ணீர் வைப்பாள். இந்த மூன்று வாரங்களாக ஆறரைக்குச் சத்தம் எதுவும் இல்லை. அவள் மட்டும் ஆறு மணிக்கே விழித்துக் கிடந்தாள்.

இரும்புப் பட்டையை எடுத்துப் பின்கப்பியின் முகத்தோடு ஒட்டி வைத்தாள். அதன் மறுமுனை முன்கப்பியை விட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதுதான் கணக்கு. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். தப்பாகத்தான் இருக்கும் என்று தெரியும். இவ்வளவு தப்பாக இருக்கும் என்று நினைக்கவில்லை. முன்னைவிட மோசம். யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

நடு போல்ட்டைக் கழற்றினாள். போல்ட்டோடு சேர்ந்து ஏதோ மெல்லிய தகடுகள் நழுவி உள்ளங்கையில் விழுந்தன. வாஷர் இல்லை. வட்டமாக வெட்டி, நடுவில் துளை போட்ட தகரத் துண்டுகள். வெளிச்சத்தில் திருப்பினாள். ஒன்றின் மேல் சிவப்பு மை, இன்னொன்றின் மேல் பாதி எழுத்து. காபி டப்பா. எட்டு இருந்தன. ஓரங்களை அண்ணன் அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார். அடுக்கி அளவுகோலில் பிடித்தாள்.

சரியாக இரண்டு மில்லி.

கப்பியை வெளியே நகர்த்த வேண்டுமென்றால் தகட்டை அதற்குப் பின்னால், உள்பக்கம் கொடுக்க வேண்டும். அது கப்பியை வெளியே தள்ளும். அவர் எட்டையும் வெளிப்பக்கம், போல்ட் தலைக்கு அடியில் போட்டிருந்தார். கப்பி இன்னும் உள்ளே போயிருந்தது. வெளியே வரணும் என்றுதானே அவள் கத்தினாள்; தகட்டை எந்தப் பக்கம் போடணும் என்று சொல்லவில்லையே.

"சாப்பிடாம வேலை செய்யாத." மார்க்கெத்தா தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் காபி; ஊர் வழக்கப்படி உள்ளே பாலாடைக்கட்டித் துண்டுகள் மிதந்தன. தலையை வாரியிருந்தாள், காலில் இன்னும் வீட்டுக் கம்பளிச் செருப்பு. "கட்டிய முதல்ல எடுத்துச் சாப்பிடு. ஊறிட்டா உனக்குப் பிடிக்காதே."

எய்லா இடது கையால் வாங்கினாள். வலது கை பாதி மூடியிருந்தது.

"அதென்ன, தகடா?" மார்க்கெத்தா குனிந்தாள். "ஐயோ, அதை அவர் இன்னும் கழட்டலியா! எட்டு வருஷமா வருஷத்துக்கு ஒண்ணு. டப்பா காலியாகுறதுக்கு முன்னாடியே கொட்டிக் கொடுன்னு வாங்கிக்குவார். என் கத்தரிக்கோல் ரெண்டு பாழாப்போச்சு. என்னய்யா பண்றேன்னு கேட்டா, அவ சொன்ன அளவு இன்னும் வரலம்பார்."

"எவ சொன்ன அளவு?"

"வேற எவ?"

எய்லா பாலாடைக்கட்டியை மென்றாள். அது வாயில் கீச்சென்றது.

"நேராப் போய்க் கேட்டா என்ன, அவ கடிச்சா வச்சிடுவான்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன். அளவு சரியா வரட்டும், அப்புறம் வண்டிய அவ வாசல்ல கொண்டுபோய் நிறுத்துறேன், சத்தமில்லாமப் போய் நிறுத்துறேன், அப்ப அவ முகத்தப் பாக்கணும்னு சிரிப்பார்." மார்க்கெத்தா ஏப்ரனில் கையைத் துடைத்தாள். துடைக்க ஒன்றுமில்லை. "எய்லா, அவர் சரியாத்தான் போட்டிருந்தாரா?"

கொட்டகையின் கூரையிலிருந்து பனி உருகி வாளியில் சொட்டியது. வாளியைப் பார்த்தாள் எய்லா.

"சரியாத்தான் போட்டிருக்கார் அண்ணி. அளவு கச்சிதமா இருக்கு."

"பின்ன ஏன் அறுந்துச்சு?"

"பெல்ட் பழசு. ரொம்ப நாள் வச்சிருந்தா ரப்பர் காஞ்சுடும். யார் வண்டியா இருந்தாலும் அறுந்துடும்."

மார்க்கெத்தா தலையை ஆட்டினாள். பெரிய மூச்சு ஒன்று விட்டாள். "அப்ப சரி. அவர் மேல ஒண்ணும் தப்பில்ல." காலிக் கோப்பைக்காகக் காத்திராமல் வீட்டுக்குள் போனாள்.

எய்லா கப்பியை முழுதாக இழுத்து வெளியே எடுத்தாள். பையில் எஃகு வாஷர்கள் எல்லா அளவிலும் இருந்தன. யாருடைய வண்டியிலும் தகரத்தைப் போடமாட்டாள். இன்று அந்த எட்டையும் துடைத்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தண்டில் கோத்து உள்பக்கம் தள்ளினாள். மேலே கப்பியை ஏற்றி முடுக்கிவிட்டுப் பட்டையை வைத்துப் பார்த்தாள். மயிரிழை வித்தியாசமில்லை. தான் கொண்டுவந்த புதுப் பெல்ட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து மாட்டினாள்.

பக்கத்துக் கரை ஊலா, பெட்டியை வைத்து இழுக்கும் சறுக்குப்பலகையைத் தயார் செய்ய வந்திருந்தான். நாற்பது வயதுக்காரன், ரைமோவைக் கண்டெடுத்தவன் அவன்தான். பலகை நிறையத் தேவதாரு இலைக்கொத்துகளைப் பரப்பிவிட்டு உள்ளே வந்து நின்றான்.

"ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கக்கா. முன்னாடியே சொல்லிடுங்க, என் நாயப் பிடிச்சுக்கணும். அண்ணன் வண்டி கீச்சுன்னா அது கட்டிலுக்கடியில போயிடும்."

வண்டி கிளம்பியது. கீச்சல் இல்லை. நாய் வாசலில் படுத்தபடி ஒரு காதை மட்டும் தூக்கியது. ஊலா சிரிக்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டான்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்க்கா. போலீஸ்ல சொல்லிட்டேன், அண்ணிகிட்ட சொல்லல. அண்ணனோட காலடித்தடம் இந்தக் கரைக்கு வரல. பாதிலேயே திரும்பி உங்க பக்கம் போச்சு. உங்க பட்டறை விளக்கு எரிஞ்சுட்டிருந்துச்சுல்ல அன்னைக்கு?"

"அது கிட்டத்துல இருக்கு. அதான்."

"ரெண்டும் ஒரே தூரம்க்கா."

"அப்ப காத்துக்கு முதுகு காட்டி நடந்திருப்பார்." எய்லா மூடியை மூடிப் பூட்டினாள். "பெட்டிய எடுத்துட்டு வாங்க. நேரமாகுது."

அன்று காற்றே இல்லை என்று ஊலாவுக்குத் தெரியும். அவன் பெட்டியை எடுக்கப் போனான்.

எய்லா ஓட்டினாள். மார்க்கெத்தா பின்னால் உட்கார்ந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் இலைக்கொத்துகளின் மேல் கட்டிய பெட்டி, அதற்கும் பின்னால் ஊராரின் ஏழெட்டு வண்டிகள். புதுப் பெல்ட்டை முதல் நாளே விரட்டக் கூடாது என்பதால் மெதுவாகத்தான் போனாள். வெயிலில் ஏரி கண்ணைக் கூசவைத்தது. வழியில் ஓரிடத்தில் காலடிகள் பதிந்து பனி குழம்பிக் கிடந்து மறுபடி உறைந்திருந்தது. அங்கே மார்க்கெத்தாவின் பிடி இறுகியது. எய்லா வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

தீவில் நான்கு நாட்களாகத் தணல் போட்டு மண்ணை இளக்கிக் குழி வெட்டியிருந்தார்கள். பட்டைக் கயிற்றின் ஒரு முனை எய்லாவின் கையில். எதிர்முனையில் ஊலா. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தபோது, "உன் பக்கம் கொஞ்சம் விடு" என்று முணுமுணுத்தாள். விட்டான். நேராக இறங்கியது. பாதிரியார் மூன்று கை மண் போட்டார். பாட்டை யாரோ அதிக உச்சத்தில் எடுத்துவிட, பாதியில் எல்லாரும் திணறினார்கள்.

முடிந்ததும் கூட்டம் மேட்டிலிருந்த குடிலுக்குக் காபி குடிக்கப் போனது. எய்லா கரைக்கு இறங்கினாள். வண்டியைச் சோதிக்கும் வழக்கம் ஒன்று உண்டு: ஓடி வந்து நின்றதும் கப்பியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பெல்ட் கோணலாக ஓடியிருந்தால் கை வைக்க முடியாது, சுடும். நேராக ஓடியிருந்தால் இளஞ்சூடுதான்.

மூடியைத் திறந்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையைக் கப்பியின் மேல் வைத்தாள்.

மேட்டிலிருந்து மார்க்கெத்தாவின் குரல் வந்தது. "எய்லா, காபி ஆறுது!"

"வர்றேன்."

கையை எடுக்கவில்லை. ஏரிமேல் வண்டித் தடங்கள் வெயிலில் நீலமாக இருந்தன. விரல்களுக்கடியில் இரும்பு மெல்ல மெல்ல ஆறிக்கொண்டிருந்தது.